மாடி கம்ப்யூட்டருக்கு மட்டும் ஸ்விட்சில் ஆரஞ்சு லைட், டெஸ்டரில் எட்டும் சரி என்கிறது

ஈரோடு ஜவுளி

வணக்கம். எங்களுடையது ஈரோட்டில் ஒரு சின்ன ஜவுளி மொத்த வியாபாரக் கடை. கீழே கவுண்டரில் இரண்டு கம்ப்யூட்டர், மாடியில் கணக்கு பார்க்கிற அறையில் ஒன்று, ஒரு லேசர் பிரிண்டர், இரண்டு கேமரா, கேமரா ரெக்கார்டர், அப்புறம் நெட் கொடுத்தவர்கள் வைத்த ரவுட்டர். எல்லாக் கேபிளும் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற 8 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்சில் (எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க் பெட்டி, போர்ட் என்பது கேபிள் சொருகும் ஓட்டை) வந்து சேர்கின்றன, ஒரு போர்ட்கூடக் காலி இல்லை. கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளின் டேட்டா முழுக்க கவுண்டரில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது, மற்றவர்கள் லேன் (கடைக்குள் இருக்கிற இந்த நெட்வொர்க்) வழியாக அதைத் திறக்கிறார்கள்.

பிரச்சினை மாடி கம்ப்யூட்டரில் மட்டும்தான். அறையை மாற்றியபோது எலக்ட்ரீஷியன் புதிதாக கேட் 6 நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுத்தார், நீளம் 30 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அன்றிலிருந்து அங்கே டேலி திறக்கவே நேரம் எடுக்கிறது, என்ட்ரி போடும்போது நடுவில் உறைந்து நிற்கிறது, சில நேரம் திரையின் மூலையில் கேபிள் கழன்றுவிட்டது என்பது போல சிவப்புப் பெருக்கல் குறி வந்து தானாகவே போய்விடுகிறது. கீழே யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஸ்விட்சில் கவுண்டர் கம்ப்யூட்டர்களுக்குப் பச்சை எரிகிறது. கம்ப்யூட்டர்களில் மாடி கேபிளுக்கு மட்டும் ஆரஞ்சு. எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிட்டேன், அவர் கேபிளின் எட்டுக் கம்பியையும் பார்க்கிற டெஸ்டரைப் போட்டுக் காட்டினார், 1 முதல் 8 வரை இரண்டு பக்கமும் வரிசையாகவே எரிந்தது. "கேபிள் பக்கா, உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு கேபிளில்தான் கோளாறு என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

லேன் ராஜா

ஆரஞ்சு என்றால் கோளாறு என்று அர்த்தம் இல்லை சார், முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான சின்ன ஜிகாபிட் ஸ்விட்சுகளில் பச்சை என்றால் 1000 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்கிற வேக அளவு, 1000 என்பதுதான் ஜிகாபிட்), ஆரஞ்சு என்றால் 100 அல்லது 10. ஆனால் இதற்குப் பொது விதி ஒன்றும் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலர் ஒரே நிறத்தில் இரண்டு லைட் வைத்து இரண்டும் எரிந்தால் ஜிகாபிட், ஒன்று எரிந்தால் 100 என்று வைத்திருப்பார்கள். ஸ்விட்சின் மேல் மூடியிலோ அடியிலோ சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், பாருங்கள். மினுக்குவது டேட்டா போய்வருவதைக் காட்டுவது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

உங்கள் கவுண்டர் கம்ப்யூட்டர்களுக்குப் பச்சை வருவதால் மாடி கம்ப்யூட்டர் 100இல் இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸிலேயே உறுதி செய்யலாம்: நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸைத் திறந்தால் ஸ்பீட் என்று இருக்கும்.

100 எம்.பி.பி.எஸ். என்பதே டேலிக்குத் தாராளம். அதனால் வேகம் குறைந்தது உங்கள் நோய் இல்லை, அது ஒரு அறிகுறி. ஜிகாபிட் ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் கேள்வி.

இப்போது செய்ய வேண்டியது: ஸ்விட்சில் மாடி கேபிளையும் கவுண்டர் கேபிள் ஒன்றையும் இடம் மாற்றிச் சொருகுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். ஆரஞ்சு கேபிளோடு சேர்ந்து போகிறதா, பழைய போர்ட்டிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். போர்ட்டிலேயே நின்றால் ஸ்விட்ச் போர்ட் போய்விட்டது. கேபிளோடு போனால் கேபிள் அல்லது மாடி கம்ப்யூட்டர். அப்புறம் கவுண்டர் கம்ப்யூட்டர் ஒன்றை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அதே கேபிளில் மாட்டுங்கள், லேப்டாப் இருந்தால் இன்னும் சுலபம்.

கோவை பையன்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அடாப்டர் பிராப்பர்ட்டீஸில் ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது) என்று வைத்துவிடுங்கள். ஜிகாபிட்டுக்கு முயற்சி செய்து விழுந்து எழுவதெல்லாம் நின்றுவிடும். எங்கள் ஆபீஸில் அப்படித்தான் ஓடுகிறது. அதுவும் சரிவராவிட்டால் ஸ்விட்சை மாற்றுங்கள், 1200 ரூபாய் விஷயம்.

பழைய டெக்னீஷியன்

கோவை தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். அவர் ஆபீஸில் இருப்பது செட்டிங் போடக்கூடிய ஸ்விட்சாக இருந்து, அந்தப் பக்கமும் 100 ஃபுல் என்று யாரோ வைத்திருந்தால் ஓடும். உங்களுடையது செட்டிங் போட முடியாத சாதாரண அன்மேனேஜ்டு ஸ்விட்ச், அது எப்போதும் ஆட்டோவில்தான் இருக்கும், அதாவது எதிர் முனையோடு தானே பேசி வேகத்தை முடிவு செய்யும், இதற்குத்தான் ஆட்டோ நெகோஷியேஷன் என்று பெயர். ஒரு பக்கம் ஃபிக்ஸ், மறு பக்கம் ஆட்டோ என்றால் என்ன நடக்கும்? ஆட்டோ பக்கம் எதிராளியின் வேகத்தைச் சிக்னலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும், ஆனால் ஃபுல்லா ஹாஃபா என்று யாரும் சொல்லாததால் விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசுவது) உட்கார்ந்துகொள்ளும். ஒரு முனை இஷ்டத்துக்குப் பேசும், மறு முனை எதிரே யாராவது பேசினால் மோதிவிட்டது என்று நினைத்து அனுப்பியதை நிறுத்தும். லைட் நன்றாக எரியும், பிங் (எதிர் கம்ப்யூட்டருக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அழகாகப் போகும், பெரிய ஃபைல் காப்பி செய்தால் நத்தை மாதிரி ஊரும். இருக்கிற கோளாறு போதாதென்று இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். ஜிகாபிட்டிலோ ஆட்டோ நெகோஷியேஷன் இல்லாமல் இணைப்பே கிடையாது.

ஈரோடு சார், லேன் ராஜா சொன்னபடி மாற்றிப் பாருங்கள். கூடவே எனக்குச் சில விவரம் வேண்டும். மாடியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து கவுண்டர் கம்ப்யூட்டரின் ஐ.பி.க்கு (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) பிங் போடுங்கள், மைனஸ் டி சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடும். சாதாரண பிங் 32 பைட்தான், அது குண்டும் குழியுமான ரோட்டிலும் போய்விடும், அதனால் மைனஸ் எல் சேர்த்து 1472 பைட் கொடுத்தும் பாருங்கள். நெட்ஸ்டாட் மைனஸ் ஈ என்று அடித்தால் வாங்கியது, அனுப்பியது என்று இரண்டு வரிசை வரும், அதில் எரர்ஸ் என்ற வரியில் எண்ணிக்கை ஏறுகிறதா என்று சொல்லுங்கள். சில அடாப்டர் டிரைவர்கள் அதைக் காட்டாமல் பூஜ்ஜியத்திலேயே நிற்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: கேபிளின் இரண்டு முனையிலும் பிளக்கைக் கையில் பிடித்து, கிளிப் கீழே இருக்கும்படி, பொன்னிற உலோகக் காலெல்லாம் மேலே தெரியும்படி, கேபிள் உங்கள் பக்கம் வரும்படி வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாக எட்டு கம்பியின் நிறத்தையும் அப்படியே எழுதுங்கள். ஊகிக்காமல், பார்த்து எழுதுங்கள்.

ஈரோடு ஜவுளி

நன்றி சார். மாற்றிப் பார்த்தாயிற்று. ஆரஞ்சு கேபிளோடுதான் போகிறது. என் லேப்டாப்பை மாடியில் மாட்டினாலும் ஆரஞ்சுதான், அதே லேப்டாப் கீழே கவுண்டர் கேபிளில் பச்சை. ஆக கம்ப்யூட்டர் கடைக்காரர் ஜெயித்துவிட்டார். ஸ்டேட்டஸில் 100.0 எம்.பி.பி.எஸ். என்று இருக்கிறது.

சின்ன பிங் எல்லாம் போகிறது. 1472 கொடுத்தால் இடையிடையே ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் வருகிறது, நூற்றுக்கு எட்டு பத்து விழும். எரர்ஸ் வாங்கும் பக்கத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது, அனுப்பும் பக்கத்தில் பூஜ்ஜியம். இன்னொன்று கவனித்தேன், மாடியிலிருந்து கீழே ஒரு ஃபைலை அனுப்பினால் ஓரளவு பரவாயில்லை, கீழே இருந்து மாடிக்கு இழுத்தால்தான் இழுவையோ இழுவை. தண்ணீர் மோட்டார் ஓடும்போது அந்தச் சிவப்புக் குறி நிச்சயம் வருகிறது. மோட்டார் ஒயரும் இந்தக் கேபிளும் மாடி ஏறும் இடத்தில் ஒரே பைப்பில் போகின்றன.

நிறம், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி:
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன்.

பார்க்க ஒழுங்காகத்தானே இருக்கிறது?

பழைய டெக்னீஷியன்

ஒழுங்காக இருப்பதுதான் பிரச்சினை. இதற்கு ஸ்பிளிட் பேர் என்று பெயர், கேபிள் கோளாறுகளிலேயே ஆளைச் சுற்றவிடுகிற கோளாறு இதுதான்.

கேபிளுக்குள் எட்டு கம்பி, நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும், முறுக்கின் நெருக்கமும் ஜோடிக்கு ஜோடி வேறாக இருக்கும், உரித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். சிக்னல் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் எதிரெதிராகப் போகும். வெளியிலிருந்து இரைச்சல் வந்தால் முறுக்கி இருப்பதால் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவு விழும், வாங்குகிற சிப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். முறுக்குக்கு இருக்கிற வேலையே அதுதான்.

ஈதர்நெட் பிளக்கில் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. நடுவில் ஏன் 3-6, 4-5 என்று குளறுபடி என்றால் அது டெலிபோன் காலத்து வழக்கம், நடு இரண்டு காலில் முதல் லைன், அதைச் சுற்றி வெளியே இரண்டாவது லைன். அதனால்தான் சரியான பி முறையில் (கம்பி அடுக்குகிற பொது வரிசைகளில் ஒன்று) பச்சை ஜோடி பிரிந்து நீலத்தின் இரண்டு பக்கமும் உட்காரும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். உங்கள் எலக்ட்ரீஷியன் பச்சையைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் அழகாக அடுக்கிவிட்டார். இப்போது 3ஆம் காலில் வெள்ளை பச்சை, 6ஆம் காலில் நீலம். இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்படவே இல்லை, சும்மா 30 மீட்டர் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. 4-5உம் அப்படியே.

டெஸ்டர் ஏன் பிடிக்கவில்லை? அது பேட்டரி மின்சாரத்தை ஒவ்வொரு கம்பியாக அனுப்பி மறு முனையில் அதே எண்ணில் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. 1இல் போனது 1இல் வந்தது, 6இல் போனது 6இல் வந்தது, லைட் எரிந்தது. எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிற மீட்டர்கள் இருக்கின்றன, அவற்றின் விலை வேறு. எலக்ட்ரீஷியன் உங்களை ஏமாற்றவில்லை, அவர் கையில் இருந்த கருவி அவ்வளவுதான் சொல்லும்.

உங்கள் மற்ற கண்டுபிடிப்புகளும் இதோடு பொருந்துகின்றன. 100இல் 1-2உம் 3-6உம் மட்டும்தான் வேலை செய்கின்றன. கம்ப்யூட்டர் பொதுவாக 1-2இல் அனுப்பும், 3-6இல் வாங்கும். 1-2 உங்களுக்கு நல்ல ஆரஞ்சு ஜோடி, அதனால் அனுப்புவது பரவாயில்லை. 3-6 பிரிந்த ஜோடி, அதனால் வாங்கும் பக்கம் எரர். மோட்டார் ஓடினால் அந்தப் பிரிந்த ஜோடி ஆன்டெனா மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. ஜிகாபிட் பிடிக்காததற்கும் இதுவே காரணம்: அதற்கு நான்கு ஜோடியும் வேண்டும், ஒவ்வொன்றிலும் 250 எம்.பி.பி.எஸ். இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் ஓடும். உங்கள் கேபிளில் 3-6இல் போவது 4-5இல் ஒட்டுக் கேட்கும், 4-5இல் போவது அதே மாதிரி 3-6இல் கேட்கும். இரண்டு சிப்பும் ஜிகாபிட்டுக்கு ஒத்துக்கொண்டு, முயன்று, தோற்று, 100க்கு இறங்குகின்றன. இறங்கத் தெரியாத பழைய சிப்பாக இருந்தால் லைட் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கொண்டே இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது: இரண்டு முனையையும் வெட்டிவிட்டு மேலே சொன்ன பி வரிசையில் புதிய பிளக்கை வைத்து கிரிம்ப் அடியுங்கள் (கருவியால் அழுத்திப் பொருத்துவது). முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, வெளி உறை பிளக்குக்குள் நுழைந்து கடிபட வேண்டும். கேட் 6 கம்பி கொஞ்சம் தடிமன், அதற்குரிய பிளக்கையே கேட்டு வாங்குங்கள். உரிக்கும்போது ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், செம்பு நிறத்துக்குள் வெள்ளி மாதிரி தெரிந்தால் அது அலுமினியத்தில் செம்பு பூசியது. அப்படியென்றால் இப்போது ஓடினாலும் பின்னால் வளைவில் ஒடியும், மாற்றத் திட்டம் போட்டு வையுங்கள். மோட்டார் ஒயரிலிருந்து கேபிளைப் பிரித்துத் தனிப் பைப்பில் போடுங்கள், அது நெட்வொர்க்குக்காக மட்டும் இல்லை, 230 வோல்ட் ஒயரோடு இதை ஒரே பைப்பில் போடுவதே ஆபத்து.

திருச்சி கணேசா

இந்தத் திரியிலேயே கேட்டுக்கொள்கிறேன், மன்னிக்கவும். எங்கள் டியூஷன் சென்டரில் இன்று காலையிலிருந்து ஸ்விட்சில் எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் வெறிபிடித்த மாதிரி மினுக்குகிறது, யாருக்கும் எதுவும் வேலை செய்யவில்லை, பிரிண்டர்கூட. ஸ்விட்சை ஆஃப் செய்து ஆன் செய்தால் சில விநாடி சரியாகி மறுபடியும் அதே. நேற்று மாலை ஹால் கூட்டிப் பெருக்கினார்கள், மேசையெல்லாம் நகர்த்தினார்கள். ஸ்விட்ச் போய்விட்டதா?

லேன் ராஜா

ஸ்விட்ச் போகவில்லை, லூப் விழுந்திருக்கிறது. கழன்று கிடந்த கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகியிருப்பார்கள், அதன் மறு முனையும் அதே ஸ்விட்சிலோ, அதோடு இணைந்த இன்னொரு ஸ்விட்சிலோ இருக்கும். எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் பாக்கெட் (டேட்டாவின் சின்னத் துண்டு) சுற்றிச் சுற்றி வந்து பெருகுகிறது, அதைத் தடுக்கிற ஏற்பாடு சாதாரண ஸ்விட்சில் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது மற்ற லைட்டெல்லாம் அடங்குகிறதோ அதுதான். மேசைக்கு அடியில் வைத்திருக்கிற சின்ன 5 போர்ட் ஸ்விட்சுகளை முதலில் பாருங்கள்.

திருச்சி கணேசா

அதேதான். கடைசி வரிசை மேசைக்கு அடியில் இருந்த ஸ்விட்சுக்கு இரண்டு கேபிள் வந்திருந்தது. ஒன்றைப் பிடுங்கியதும் அமைதி. நன்றி அண்ணா.

ஈரோடு ஜவுளி

வேறு ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு முனையும் புதிதாக அடித்தாயிற்று. சொருகிய உடனே பச்சை. ஸ்டேட்டஸில் 1.0 ஜி.பி.பி.எஸ்., 1472 பிங் ஒன்றுகூட விழவில்லை, மோட்டாரைப் போட்டுவிட்டும் பார்த்தேன். சுரண்டிப் பார்த்ததில் உள்ளேயும் செம்புதான். மோட்டார் ஒயரைப் பிரிக்கிற வேலை ஞாயிற்றுக்கிழமை, கடை லீவில்.

இப்போது ஒரு சந்தேகம். இரண்டு கேமராவுக்கும் கேபிள் இழுத்தது அதே எலக்ட்ரீஷியன்தான், பிளக்கைப் பார்த்தேன், அதிலும் பச்சை பச்சை, நீலம் நீலம் என்றுதான் இருக்கிறது. அந்த இரண்டு போர்ட்டிலும் ஆரஞ்சு. ஆனால் படம் நன்றாகவே வருகிறது. அதையும் வெட்டி அடிக்க வேண்டுமா?

பழைய டெக்னீஷியன்

கேமராவில் ஆரஞ்சு வருவது இயல்பு, பெரும்பாலான ஐ.பி. கேமராவில் இருப்பதே 100 எம்.பி.பி.எஸ். போர்ட்தான், நல்ல கேபிள் போட்டாலும் பச்சை வராது. அதனால் லைட்டை வைத்து அங்கே எதுவும் முடிவு செய்ய முடியாது. உங்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டமும் இருக்கிறது: படம் கேமராவிலிருந்து வெளியே வரும் திசையில்தான் அதிகம் ஓடுகிறது, அது நல்ல ஆரஞ்சு ஜோடியில் வருகிறது. அதனால்தான் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரெக்கார்டரில் ராத்திரிப் பதிவை ஓட்டிப் பாருங்கள், நடுநடுவே விட்டுப்போயிருந்தாலோ மோட்டார் நேரத்தில் படம் உடைந்திருந்தாலோ உடனே அடியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அவசரம் இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆள் எப்படியும் ஏணியோடு வருகிறார், நான்கு பிளக்கின் விலை மட்டும்தான் கூடுதல், நானாக இருந்தால் அன்றைக்கே முடித்துவிடுவேன். இரண்டு முனையையும் ஒன்றாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் 4உம் 6உம் குறுக்கே மாறி, 6ஆம் காலுக்கு வர வேண்டியது 4க்குப் போய், இப்போது வருகிற படமும் நின்றுவிடும்.